ஆலோசனைக்குக் கூலி தருவது யார்?

பங்கு, மியூச்சுவல் ஃபண்ட், கடன் பத்திரம் போன்றவற்றில் எதை வாங்கலாம், எதை விற்கலாம், எவ்வளவு போடலாம் என்று கட்டணம் பெற்றுக்கொண்டு சொல்வதைத் தொழிலாகச் செய்கிறவர் முதலீட்டு ஆலோசகர். இந்தியாவில் இந்தத் தொழிலைச் செய்ய, செபி எனப்படும் இந்திய பங்குகள் மற்றும் பரிவர்த்தனை வாரியத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். தனிநபருக்கும் நிறுவனத்துக்கும் இது பொருந்தும். எழுத்தில் சொன்னாலும், தொலைபேசியில் சொன்னாலும், வாட்ஸ்அப் குழுவில் சொன்னாலும் ஆலோசனை ஆலோசனைதான். ‘கன்சல்டன்ட்’, ‘வெல்த் மேனேஜர்’ என்று எந்தப் பெயரில் பலகை வைத்தாலும், தன்னை முதலீட்டு ஆலோசகர் என்று காட்டிக்கொள்கிறவர் சட்டத்தின் வரம்புக்குள் வந்துவிடுகிறார்.

சேலம் மாவட்டம் ஜலகண்டாபுரம் போன்ற ஒரு பேரூராட்சியில் பணத்தைப் பற்றி யோசனை சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. விசைத்தறிக்கூடம் வைத்திருப்பவர் கையில் நாலு காசு சேர்ந்தது தெரிந்தால் காப்பீட்டு ஏஜென்ட் வருவார்; வங்கிக் கிளையில் ஒரு பாலிசியைப் பற்றிப் பேச்செடுப்பார்கள்; மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தர் எஸ்.ஐ.பி. படிவத்துடன் வருவார், தரகு நிறுவனத்தின் உள்ளூர்ப் பிரதிநிதி டிமேட் கணக்கு திறக்கச் சொல்வார், கைப்பேசியில் டெலிகிராம் குழுக்கள் வேறு. இவர்கள் எல்லோரும் யோசனை சொல்கிறார்கள். ஆனால் சட்டத்தின் பார்வையில் இவர்களில் பெரும்பாலோர் ஆலோசகர்கள் அல்லர், விற்பனையாளர்கள். இரண்டையும் பிரிக்கும் கோடு ஒன்றுதான்: அவருக்குக் கூலி தருவது யார்?

2013இல் வந்த விதிகள்

செபி 1988இல் தொடங்கப்பட்டது. 1992ஆம் ஆண்டுச் சட்டம்தான் அதற்கு முழு அதிகாரம் கொடுத்தது. அந்தச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, பதிவு பெற வேண்டியவர்களின் வரிசையில் முதலீட்டு ஆலோசகர்களையும் சேர்த்திருந்தது. இருந்தும் அவர்களுக்கென்று தனி விதிமுறைகள் வர இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. செபியின் முதலீட்டு ஆலோசகர் விதிமுறைகள் 2013 ஜனவரியில் அறிவிக்கப்பட்டு, ஏப்ரல் 21 முதல் நடைமுறைக்கு வந்தன.

இடைப்பட்ட காலத்தில் முதலீட்டு யோசனை பெரும்பாலும் கமிஷனை நம்பியே நடந்தது. மியூச்சுவல் ஃபண்டில் ஒருவர் போடும் தொகையிலிருந்து 2.25 சதவீதம் வரை ‘நுழைவுக் கட்டணம்’ என்று முதலிலேயே பிடிக்கப்பட்டது. அது விநியோகஸ்தருக்குக் கமிஷனாகப் போனது. ஒரு லட்சம் ரூபாய் போட்டவருக்கு முதல் நாளிலேயே 2,250 ரூபாய் குறைந்துவிடும். பழைய திட்டத்திலிருந்து பணத்தை எடுத்துப் புதிய திட்டத்தில் போட வைத்தால் விநியோகஸ்தருக்கு மறுபடியும் கமிஷன் கிடைக்கும். எனவே அடிக்கடி மாற்றச் சொல்வதே லாபமாக இருந்தது. செபி 2009 ஆகஸ்ட் 1 முதல் நுழைவுக் கட்டணத்தை ஒழித்தது. 2013 ஜனவரி 1 முதல் ஒவ்வொரு ஃபண்டிலும் விநியோகஸ்தர் கமிஷன் இல்லாத ‘டைரக்ட்’ திட்டம் தனியே இருக்க வேண்டும் என்றது. அதே மாதம்தான் ஆலோசகர் விதிமுறைகளும் அறிவிக்கப்பட்டன. விற்பனையை ஒரு பக்கமும் ஆலோசனையை மறு பக்கமும் பிரித்து நிறுத்துவது இந்த நடவடிக்கைகளின் முக்கிய நோக்கம்.

இந்தச் சிக்கல் இந்தியாவுக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்கா 1940லேயே முதலீட்டு ஆலோசகர்களுக்கென்று தனிச் சட்டம் இயற்றியது. பிரிட்டன் 2012ஆம் ஆண்டு முடிவோடு, சாதாரண முதலீட்டாளருக்கு யோசனை சொல்பவர் முதலீட்டு நிறுவனங்களிடம் கமிஷன் வாங்குவதைத் தடை செய்தது.

பதிவு தேவைப்படாதவர்கள்

யோசனை சொல்லும் எல்லோரையும் சட்டம் பதிவுக்குள் இழுக்கவில்லை. நாளிதழ், வார இதழ், தொலைக்காட்சி போலப் பொதுமக்கள் எல்லோருக்கும் கிடைக்கும் ஊடகத்தில் சொல்லப்படும் கருத்து, விதிகளின்படி முதலீட்டு ஆலோசனை ஆகாது. சந்தை நிலவரத்தைப் பொதுவாக, நல்லெண்ணத்தோடு விளக்குகிறவருக்கும் விலக்கு உண்டு. தொழிலின் ஒரு பகுதியாக யோசனை சொல்ல நேரும் வழக்கறிஞர், பட்டயக் கணக்காளர், பங்குத் தரகர் ஆகியோரும் தனியாகப் பதிவு செய்ய வேண்டியதில்லை. மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தர் தன் வாடிக்கையாளருக்கு ஃபண்டைப் பற்றி விளக்கலாம். அவர் மியூச்சுவல் ஃபண்ட் நிறுவனங்களின் சங்கமான ஆம்ஃபியில் பதிவு செய்து ஏ.ஆர்.என். எண் பெற்றிருக்க வேண்டும். காப்பீட்டைப் பற்றி மட்டும் பேசும் ஏஜென்ட், ஐ.ஆர்.டி.ஏ.ஐ. என்ற காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் கீழ் வருகிறார்.

விலக்கு பெற்ற இவர்களில் விற்பனைத் தொழிலில் இருப்பவர்களுக்கு வருமானம் தருவது, பொருளை உருவாக்கிய நிறுவனம். அதில் தவறில்லை. ஜவுளி வியாபாரத்தில் சரக்கை விற்றுத் தரும் தரகர் தரகு வாங்குவது எல்லோருக்கும் தெரிந்ததே. ஆனால் எந்தச் சரக்கு நல்லது என்ற தீர்ப்பை அவரிடமே கேட்டுக்கொள்வதில்லை. விநியோகஸ்தரின் பேச்சையும் அப்படித்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். விநியோகஸ்தருக்குப் போகும் கமிஷனும் சிறியதல்ல. கமிஷன் அடங்கிய ‘ரெகுலர்’ திட்டத்துக்கும் ‘டைரக்ட்’ திட்டத்துக்கும் ஆண்டுச் செலவில் ஒரு சதவீதம் வித்தியாசம் இருந்தால், பத்து லட்சம் ரூபாய் முதலீட்டில் ஆண்டுக்குப் பத்தாயிரம் ரூபாய் குறையும். முதலீடு வளர வளர இந்தத் தொகையும் வளரும். அந்தப் பணத்துக்கு ஈடான சேவை கிடைக்கிறதா என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

பதிவு பெறும் தகுதி

2013இல் வந்த விதிகள் 2020இலும் 2024 டிசம்பரிலும் பெரிதாகத் திருத்தப்பட்டன. 2020இல் கெடுபிடி கூடியது: முதுகலைப் பட்டம் அல்லது அதற்கு இணையான தகுதி, ஐந்தாண்டு அனுபவம், தனிநபருக்கு 5 லட்சமும் நிறுவனத்துக்கு 50 லட்சமும் நிகர சொத்து என்று கேட்கப்பட்டது. இதனால் புதிதாகப் பதிவு பெற வருகிறவர்கள் குறைந்தார்கள். 2024இல் செபி இறங்கி வந்தது. பட்டப்படிப்பு போதும் என்றது. அனுபவ நிபந்தனையை நீக்கியது. நிகர சொத்துக்குப் பதிலாக வைப்புத்தொகை முறையைக் கொண்டுவந்தது. வாடிக்கையாளர் 150 பேர் வரை இருந்தால் ஒரு லட்சம், 300 பேர் வரை இரண்டு லட்சம், ஆயிரம் பேர் வரை ஐந்து லட்சம், அதற்கு மேல் பத்து லட்சம் ரூபாய் வைப்பாக இருக்க வேண்டும். தகராறில் தீர்ப்பான தொகையை ஆலோசகர் கட்டத் தவறினால் அதை ஈடுகட்டவே இந்த வைப்பு.

தேசியப் பங்குச் சந்தைக் கல்வி நிறுவனம் (என்.ஐ.எஸ்.எம்.) நடத்தும் முதலீட்டு ஆலோசகர் தேர்வுகளில் தேறியிருப்பதும் கட்டாயம். தனிநபராகப் பதிவு பெற்றவரிடம் வாடிக்கையாளர் எண்ணிக்கை 300ஐத் தாண்டினாலோ, ஆண்டுக் கட்டணம் 3 கோடி ரூபாயைத் தாண்டினாலோ அவர் நிறுவனமாக மாற வேண்டும். வேறு வேலையில் இருந்துகொண்டே பகுதி நேர ஆலோசகராக இருக்கவும் 2024 திருத்தம் வழி செய்தது. அவர் 75 பேருக்கு மேல் வாடிக்கையாளர் வைத்துக்கொள்ளக் கூடாது.

ஆலோசகரின் கடமைகள்

பதிவு பெற்ற ஆலோசகர் வாடிக்கையாளரின் நம்பிக்கைக்குரிய நிலையில் இருக்கிறார், அவருடைய நலனுக்காக மட்டுமே செயல்பட வேண்டும் என்பது விதிகளின் அடித்தளம். மற்றவை எல்லாம் இதிலிருந்து கிளைத்தவை.

முதலாவது, கமிஷனுக்குத் தடை. வாடிக்கையாளர் தரும் கட்டணத்தைத் தவிர, தான் பரிந்துரைக்கும் முதலீட்டுக்காக எந்த நிறுவனத்திடமும் ஆலோசகர் பணம் பெறக் கூடாது. ஒரே குடும்பத்துக்கு ஆலோசகராகவும் விநியோகஸ்தராகவும் இருக்கவும் முடியாது. நிறுவனங்களாக இருந்தால், ஆலோசனைப் பிரிவையும் விநியோகப் பிரிவையும் தனித்தனியே நடத்த வேண்டும்.

இரண்டாவது, இடர் மதிப்பீடு. வாடிக்கையாளரின் வயது, வருமானம், கடன், இருக்கும் முதலீடு, என்ன தேவைக்காகப் பணம் சேர்க்கிறார், எவ்வளவு நஷ்டத்தைத் தாங்குவார் என்பதையெல்லாம் கேட்டு எழுத்தில் பதிந்த பிறகே யோசனை சொல்ல வேண்டும். இரண்டு ஆண்டில் மகள் திருமணத்துக்கு வேண்டிய பணத்தைச் சிறு நிறுவனப் பங்குகளில் போடச் சொன்னால், அது பொருத்தமற்ற ஆலோசனை என்ற குற்றச்சாட்டுக்கு ஆளாகும். யோசனை ஏன் பொருந்துகிறது என்பதற்கான காரணமும் பதிவேட்டில் இருக்க வேண்டும்.

மூன்றாவது, ஒப்பந்தம். கட்டணம், சேவை, இடர் ஆகியவற்றை விவரிக்கும் ஒப்பந்தத்தில் வாடிக்கையாளர் கையெழுத்திடும் முன் கட்டணமும் வாங்கக் கூடாது, யோசனையும் சொல்லக் கூடாது. கட்டணத்துக்கு உச்சவரம்பு உண்டு. நிலையான தொகையாக வாங்கினால் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 1,51,000 ரூபாய். சொத்து மதிப்பில் விகிதமாக வாங்கினால் ஆண்டுக்கு 2.5 சதவீதம். முன்பணமாக ஓராண்டுக் கட்டணத்துக்கு மேல் கேட்கக் கூடாது என்று 2025இல் வரையறுக்கப்பட்டது. பாதியில் விலகும் வாடிக்கையாளருக்கு மிச்ச காலத்துக்கான பணத்தைத் திருப்பித் தர வேண்டும். பிடித்தம் செய்தாலும் அது மூன்று மாதக் கட்டணத்தைத் தாண்டக் கூடாது.

நான்காவது, பதிவேடு. வாடிக்கையாளருடன் நடந்த உரையாடல், மின்னஞ்சல், தந்த யோசனை எல்லாவற்றையும் ஐந்தாண்டுகளுக்குப் பாதுகாக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை தணிக்கையும் உண்டு. செயற்கை நுண்ணறிவு மென்பொருளைக் கொண்டு யோசனை தயாரித்தால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். அதன் பிழைக்கு ஆலோசகரே பொறுப்பு.

ஆலோசகர் செய்யவே கூடாதவையும் தெளிவாக உள்ளன. ‘மாதம் ஐந்து சதவீதம் உறுதி’ என்று வருமானத்துக்கு உத்தரவாதம் தருவது விதிமீறல். வாடிக்கையாளரின் முதலீட்டுப் பணத்தைத் தன் கணக்கில் வாங்கக் கூடாது. முதலீடு வாடிக்கையாளரின் பெயரில், அவருடைய கணக்கிலிருந்தே நடக்க வேண்டும். ஆலோசகருக்குப் போகும் ஒரே பணம் அவருடைய கட்டணம்.

பதிவு இருந்தும் ஏமாற்றுவோர்

பதிவெண் இருப்பதே நேர்மைக்குச் சான்றாகிவிடாது. மத்தியப் பிரதேசத்தின் இந்தூரிலிருந்து இயங்கிய ஆலோசனை நிறுவனங்கள் பலவற்றின் மீது செபி ஆணைகள் பிறப்பித்திருக்கிறது. அவற்றில் பதிவு பெற்ற நிறுவனங்களும் உண்டு. தொலைபேசியில் அழைத்துச் சிறு தொகையில் சந்தா சேர்ப்பது, பிறகு ஒரே வாடிக்கையாளரிடம் வெவ்வேறு திட்டத்தின் பெயரில் அடுக்கடுக்காகக் கட்டணம் வாங்குவது, லாபம் உறுதி என்பது, இடரைத் தாங்க இயலாதவரையும் அதிக இடருள்ள வணிகத்தில் இறக்குவது என்று குற்றச்சாட்டுகள் ஒரே அச்சில் இருந்தன. கட்டண உச்சவரம்பும் கட்டாய ஒப்பந்தமும் 2020இல் வந்ததற்கு இத்தகைய அனுபவங்களும் காரணம்.

டெலிகிராமும் யூடியூபும்

இன்று சிற்றூர்களில் முதலீட்டு யோசனை அதிகம் வந்து சேருவது கைப்பேசி வழியாக. பொது ஊடகத்தில் பேசுவதற்கு விலக்கு இருந்தாலும், கட்டணம் வாங்கி, தனிக் குழுவில் சேர்த்து, ‘இதை வாங்கு, இந்த விலையில் விற்றுவிடு’ என்று சொன்னால் அந்த விலக்கு பொருந்தாது.

தமிழ்நாட்டில் நன்கு அறியப்பட்ட பி.ஆர். சுந்தர் விவகாரம் இதற்கு எடுத்துக்காட்டு. ஆப்ஷன் வணிகம் பற்றிச் சமூக ஊடகத்தில் பெரும் கூட்டத்தை ஈர்த்த அவரும், அவர் தொடர்புடைய மான்சன் கன்சல்டன்சி நிறுவனமும், பதிவு பெறாமல் கட்டணத்துக்கு ஆலோசனை வழங்கியதாகச் செபி விசாரித்தது. 2023 மே மாதம் அது சமரச ஆணையில் முடிந்தது. குற்றச்சாட்டை ஒப்புக்கொள்ளாமலும் மறுக்காமலும், சமரசத் தொகையாக 46.80 லட்சம் ரூபாயும், கட்டணமாகப் பெற்ற பணமும் வட்டியும் சேர்ந்து சுமார் 6.07 கோடி ரூபாயும் செலுத்த அவர்கள் தரப்பு இசைந்தது. ஓராண்டுக்குப் பங்குகளை வாங்குவதில்லை, விற்பதில்லை என்பதும் நிபந்தனை.

அதே ஆண்டு அக்டோபரில் ‘பாப் ஆஃப் சார்ட்’ என்ற பெயரில் இயங்கிய முகமது நசிருதீன் அன்சாரி மீது இடைக்கால ஆணை வந்தது. பயிற்சி வகுப்பு என்ற பெயரில் பங்குப் பரிந்துரைகள் விற்கப்பட்டதாகக் கண்ட செபி, 17.2 கோடி ரூபாயைத் தனிக் கணக்கில் கட்டச் சொன்னது. பாடம் எங்கே முடிகிறது, பரிந்துரை எங்கே தொடங்குகிறது என்ற கேள்விக்கு 2025 ஜனவரிச் சுற்றறிக்கை ஓர் எளிய அளவுகோலைத் தந்தது: கல்வி மட்டும் அளிப்பவர், பங்கின் பெயரோடு கடந்த மூன்று மாதத்து விலையைக் காட்டிப் பேசக் கூடாது. பதிவு பெற்ற தரகு நிறுவனங்களும் ஃபண்ட் நிறுவனங்களும் இத்தகைய பதிவில்லாத ‘ஃபின்ஃப்ளூயன்ஸர்’களோடு பணத் தொடர்பு வைத்துக்கொள்ளவும் 2024இல் தடை வந்தது.

சரிபார்ப்பதும் முறையிடுவதும்

பதிவு பெற்ற முதலீட்டு ஆலோசகரின் எண் ‘ஐ.என்.ஏ.’ என்று தொடங்கும். பங்குகளைப் பற்றி அறிக்கையும் பரிந்துரையும் தரும் ஆய்வாளரின் எண் ‘ஐ.என்.எச்.’ என்று தொடங்கும். ஆய்வாளர்களுக்கு 2014இல் தனி விதிமுறைகள் வந்தன. இந்த எண்களைச் செபி இணையதளத்தில் யாரும் தேடிப் பார்க்கலாம். ஒருவர் காட்டும் எண், அந்தப் பெயருக்கும் முகவரிக்கும் உரியதுதானா என்பதைப் பார்ப்பது முக்கியம். அடுத்தவர் பதிவெண்ணைத் தன்னுடையது என்று போட்டுக்கொள்ளும் போலிகள் உண்டு. 2025 அக்டோபர் முதல், பதிவு பெற்றவர்கள் கட்டணம் வாங்க ‘வேலிட்’ என்ற சொல் இடம்பெறும் தனி யு.பி.ஐ. முகவரி நடைமுறையில் உள்ளது. ‘செபி செக்’ என்ற வசதியில் அந்த முகவரியையும் வங்கிக் கணக்கையும் சோதித்துக்கொள்ளலாம்.

பதிவு பெற்ற ஆலோசகர் மீது குறை இருந்தால், முதலில் அவரிடமும் பிறகு செபியின் ‘ஸ்கோர்ஸ்’ தளத்திலும் முறையிடலாம். 21 நாட்களுக்குள் நடவடிக்கை விவரத்தை அவர் தர வேண்டும். அதிலும் தீராவிட்டால், ‘ஸ்மார்ட் ஓ.டி.ஆர்.’ தளத்தில் இணைய வழியாகவே சமரசத்துக்கும் நடுவர் தீர்ப்புக்கும் போகலாம். 1800 22 7575 என்ற கட்டணமில்லா எண்ணும் உண்டு. விதிமீறிய ஆலோசகருக்கு ஒரு கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கவும், தொழில் செய்யத் தடை விதிக்கவும், பெற்ற பணத்தைத் திருப்பித் தரச் சொல்லவும் செபிக்கு அதிகாரம் இருக்கிறது. செபி சட்டத்தை மீறினால் சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு.

இந்த முறையீட்டு ஏற்பாடு பதிவு பெற்றவருக்கு எதிராகத்தான் வேலை செய்யும். பதிவில்லாதவரிடம் கொடுத்த பணத்துக்கு ஸ்கோர்ஸ் உதவாது. வாட்ஸ்அப்பில் போலி வர்த்தகச் செயலியை அனுப்பி, ‘வெளிநாட்டு நிறுவன முதலீட்டாளர் கணக்கு’ என்று ஆசை காட்டிப் பணம் பறிப்பது சைபர் குற்றம். அதற்கு 1930 என்ற எண்ணில் உடனே புகார் செய்ய வேண்டும்.

செபியின் எல்லைக்கு வெளியே

சேலம், நாமக்கல் வட்டாரத்தில் மக்கள் பணத்தை இழந்த பெரிய மோசடிகள் பல, பங்குச் சந்தையோடு தொடர்பே இல்லாதவை. 2012இல் பெருந்துறை சுசி ஈமு ஃபார்ம்ஸ் சரிந்தபோது கொங்கு வட்டாரம் முழுவதும் விவசாயிகளும் ஓய்வூதியர்களும் நஷ்டப்பட்டனர். 2025 ஜனவரியில் சேலம் அம்மாபேட்டையில் ஓர் அறக்கட்டளையின் பெயரில் பணத்தைப் பெருக்கித் தருவதாகச் சொல்லி வசூல் நடந்ததைப் பொருளாதாரக் குற்றப் பிரிவுக் காவல்துறை பிடித்தது. இத்தகைய வழக்குகளுக்கு டான்பிட் எனப்படும் 1997ஆம் ஆண்டுத் தமிழ்நாடு வைப்பீட்டாளர் பாதுகாப்புச் சட்டமும், ஒழுங்குபடுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடை செய்யும் 2019ஆம் ஆண்டு மத்தியச் சட்டமும் உள்ளன. ஏலச்சீட்டுக்கு 1982ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டம். நிதி நிறுவனத்துக்கு ரிசர்வ் வங்கி. ஒருவர் காட்டும் திட்டம் எந்த ஒழுங்குமுறை அமைப்பின் கீழும் பதிவாகவில்லை என்றால், பணத்தை மீட்க நீதிமன்றத்தையும் காவல் நிலையத்தையும் தவிர வேறு வழி இருக்காது.

எட்டாத இடத்தில் ஆலோசகர்

கோடிக்கணக்கான டிமேட் கணக்குகள் உள்ள நாட்டில் பதிவு பெற்ற முதலீட்டு ஆலோசகர்களின் எண்ணிக்கை ஆயிரத்தை ஒட்டியே நிற்கிறது. அவர்களிலும் பெரும்பாலோர் பெருநகரங்களில் இருக்கிறார்கள். கமிஷன் கண்ணுக்குத் தெரியாமல் கழிகிறது. கட்டணமோ கையிலிருந்து போகிறது. யோசனைக்குக் காசு கொடுப்பதா என்று மக்கள் தயங்க இது போதும். விதிகள் கூடக் கூட, அவற்றைக் கடைப்பிடிக்கும் செலவும் கூடி, சிறிய ஆலோசகர்கள் விலகுகிறார்கள். அந்த வெற்றிடத்தை டெலிகிராம் குழுக்கள் நிரப்புகின்றன.

எனவே 2024 திருத்தம் தகுதியைத் தளர்த்தியது சரியான திசையில் வைத்த அடிதான். வேலையில் இருக்கும் ஆசிரியரோ பொறியாளரோ தேர்வு எழுதித் தேறி, பகுதி நேர ஆலோசகராக 75 வாடிக்கையாளர்களுக்குள் தொழில் செய்ய முடியும் என்றால், ஜலகண்டாபுரம், தாரமங்கலம், எடப்பாடி போன்ற ஊர்களுக்கும் கமிஷன் வாங்காத ஓர் ஆலோசகர் கிடைக்க வழி உண்டு. அதுவரை, பாலிசியோ ஃபண்டோ டிப்ஸோ, எதை யார் கொண்டுவந்தாலும் அவரிடம் மூன்று விவரங்களை எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது: பதிவெண், இந்த விற்பனையில் அவருக்குக் கிடைக்கும் தொகை, அதைத் தருபவர் பெயர். இவற்றைத் தர மறுப்பவரிடம் பணம் கொடுக்காமல் இருப்பதே பாதுகாப்பு.